இ.இ.ஜி. நார்மல் என்றால் வலிப்பு இல்லையா? டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்லும்போது

2023 ஜூன் 11

"இ.இ.ஜி. நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியானால் வலிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரு டாக்டர் வலிப்பு என்கிறார், இன்னொருவர் வெறும் பதற்றம் என்கிறார். யாரை நம்புவது?"

இங்கே ஒருவர் கேட்ட இந்தக் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண இ.இ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளை இருபது முப்பது நிமிடம் எடுக்கும் பதிவு. அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் பதிவிலும் அமைதிதான் இருக்கும். அரைமணி நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு இங்கே மழையே பெய்யாது என்று சொல்வது போலத்தான் அது. உண்மையிலேயே வலிப்பு நோய் உள்ளவர்களை எடுத்துக்கொண்டாலும், முதல் இ.இ.ஜி.யில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அதற்கான அடையாளம் தெரியும். திரும்ப எடுத்தால், தூக்கத்தைக் கெடுத்துவிட்டு எடுத்தால், தூங்கும்போது எடுத்தால் இந்த விகிதம் கூடும். அப்படியும் சிலருக்குக் கடைசிவரை நார்மலாகவே வரும். தலையின் மேல் ஒட்டும் மின்முனைகளுக்கு ஒன்று எட்ட வேண்டுமானால், மூளையின் மேற்பரப்பில் பல சதுர சென்டிமீட்டர் அளவுக்கு நரம்பணுக்கள் ஒன்றாகத் துடிக்க வேண்டும். ஆழத்தில், உள்மடிப்பில் நடப்பது வெளியே தெரியாமலே போகலாம்.

எனக்கும் முதல் இ.இ.ஜி. நார்மல். அதை வைத்துத்தான் எனக்குப் "பதற்றம்" என்று எழுதினார்கள்.

ஜூன் 11, ராத்திரி

இரண்டாம் பாதியைத் தள்ளிப்போட்டேன், அதற்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. நானே அந்த நடுவில்தான் நிற்கிறேன். ஒரு நரம்பியல் மருத்துவர் பதற்றம் என்றார், அடுத்தவர் வலிப்பு என்று மாத்திரை ஆரம்பித்தார், அதற்கடுத்தவர் இது வலிப்பே இல்லை, மயக்கம் என்றார். தாக்குதல் வரும்போது உடம்பையும் மூளை அலைகளையும் ஒன்றாகப் பதியும் வீடியோ இ.இ.ஜி.க்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

ஜூன் 13

மேலே எழுதியதை ஒரு பக்கமாகப் படித்துவிட வேண்டாம். நார்மல் இ.இ.ஜி. வலிப்பை விலக்காது என்பது போலவே, கோளாறான இ.இ.ஜி. வலிப்பை நிரூபிப்பதும் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தால்தான் நிறையப் பேர் ஆண்டுக்கணக்கில் தேவையில்லாத மாத்திரையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

1993இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த ஆரோக்கியமான இளைஞர்கள், 13,000 பேருக்கும் மேல், அவர்களின் இ.இ.ஜி.களைப் பார்த்தார்கள். 0.5 சதவீதத்தினரிடம் வலிப்பு நோயாளியிடம் காண்பது போன்ற அலைகள் இருந்தன. அவர்களுக்கு வலிப்பு வந்ததே கிடையாது. குழந்தைகளிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். இதுபோக, அரைத்தூக்கத்தில் நெற்றிப்பொட்டுப் பக்கம் கூராக எழும் சில அலைகள் முழுக்க இயல்பானவை. பழக்கமில்லாத கண்ணுக்கு அவை வலிப்பு அலையாகவே தெரியும். இ.இ.ஜி.யைத் தேவைக்கு மேல் படித்துவிடுவது, தவறான வலிப்பு முத்திரைக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. வலிப்பு என்று சொல்லப்பட்டு சிறப்பு மையங்களுக்கு வருகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வலிப்பே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

என் இரண்டாவது இ.இ.ஜி. ரிப்போர்ட்டில் "இடது பக்க நெற்றிப்பொட்டில் கூரிய அலைகள்" என்று ஒரு வரி. ஒருவர் அதைப் பார்த்ததும் மாத்திரை எழுதினார். அடுத்தவர் அதே பதிவைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் தூங்கிவழிந்த நேரத்து அலை, இதில் ஒன்றும் இல்லை" என்றார். ஒரே பதிவுதான்.

ஜூன் 18

என் கதையைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடப்பவை இவை.

எந்தக் காரணமும் இல்லாமல் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறும், கூடவே ஒரு பயம். எதைப் பார்த்தும் வரும் பயம் இல்லை, வெறும் பயம். சில விநாடிகளில் இறங்கிவிடும். இதை முதலில் போய்ச் சொன்னபோது, அப்போது வேலையில் இருந்த நெருக்கடியையும் சேர்த்துச் சொன்னேன். பதற்றம் என்று எழுதினார்கள்.

அப்புறம் என் தங்கை பார்த்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு எங்கோ பார்க்கிறேன், கூப்பிட்டால் திரும்புவதில்லை, வாயைச் சப்புகிறேன், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கிறேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நீடிக்கும். எனக்கு ஞாபகம் இருக்காது. அவள் கூட வந்து இதைச் சொன்ன இடத்தில் வலிப்பு என்றார்கள்.

மூன்றாவது, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது நடந்தது. கண் இருட்டியது, காது அடைத்தது, விழுந்துவிட்டேன். கை கால் வெட்டி இழுத்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்றாவது மருத்துவரிடம் போனது இந்தச் சம்பவத்துக்காகத்தான். அவர் இதை அக்குவேறு ஆணிவேறாகக் கேட்டுவிட்டு மயக்கம் என்றார், மாத்திரையை நிறுத்தலாம் என்றார்.

இதை இங்கே வரிசையாக எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பார்த்துவிட்டு மூன்று பெயர் சொல்லவில்லை. ஆளுக்கொரு சம்பவத்தைக் கேட்டிருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாக, அதே நேரம் தனித்தனியாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

ஜூன் 19

நேற்று எழுதியதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "உனக்கு நடக்கிற நேரத்தில் அங்கே இல்லாத ஒரே ஆள் நீதான் அக்கா, ஆனா டாக்டர்கிட்ட பேசுறது மட்டும் நீ" என்றாள். இனிமேல் எந்தச் சந்திப்புக்கும் அவள் இல்லாமல் போவதில்லை.

ஜூன் 24

பார்த்தவர் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு.

முதலில் கண். வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும். தாக்குதல் முழுக்கக் கண்ணை இறுக மூடியிருந்தால் அது வேறு திசையைக் காட்டுகிறது. அடுத்து முகத்தின் நிறம்: வெளுத்து வியர்த்ததா, கறுத்து நீலம் பாரித்ததா. தலை எந்தப் பக்கம் திரும்பியது. எந்தக் கை என்ன செய்தது. முடிந்த பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிவாகப் பேசினார். நாக்கைக் கடித்திருந்தால் நுனியா, பக்கவாட்டா. பக்கவாட்டில் ஆழமான கடி வலிப்பை நோக்கி வலுவாகக் கை காட்டும். துணியோடு சிறுநீர் போனதை எல்லோரும் பெரிய அடையாளமாக நினைக்கிறார்கள். மயக்கத்திலும் அது போகும், அதை வைத்துப் பிரிக்க முடியாது.

எந்தக் கை என்பது சும்மா கேட்கும் விவரம் இல்லை. நெற்றிப்பொட்டு மடலிலிருந்து (காதை ஒட்டிய மூளைப் பகுதி) கிளம்பும் வலிப்பில், தடவுவது, பிசைவது மாதிரியான வேலையைச் செய்யும் கை பெரும்பாலும் கிளம்பிய பக்கத்துக் கையாகவும், விறைத்து முறுக்கி நிற்கும் கை எதிர்ப்பக்கத்துக் கையாகவும் இருக்கும். மருத்துவர் கேட்டபோது தங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை. பயத்தில் இருப்பவரிடம் இடமா வலமா என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஜூலை 2

வீடியோ கிடைத்துவிட்டது. தங்கை எடுத்தாள்.

பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் நாற்காலியில் இருக்கிறேன், கண் திறந்திருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை. இடது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறது. வலது கை மடியில், மணிக்கட்டு உள்ளே வளைந்து, விரல்கள் விறைத்து நிற்கின்றன. தங்கையின் குரல் பின்னால் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் விழுங்குகிறேன், சப்புகிறேன். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "என்ன?" என்கிறேன், அவள்தான் ஏதோ தப்புச் செய்தது மாதிரி.

2020இல் வெளியான ஒரு ஆய்வில் வலிப்பு நிபுணர்களிடம் செல்போன் வீடியோவை மட்டும் காட்டிக் கேட்டார்கள். பிறகு வீடியோ இ.இ.ஜி.யோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 89 சதவீதம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். எந்த ஸ்கேனுக்கும் முன்னால், இருக்கிற போனில் செய்யக்கூடியது இது. எடுக்கும்போது முகத்தை மட்டும் எடுக்காமல் முழு உடம்பையும் எடுங்கள், போர்வை இருந்தால் விலக்குங்கள், முடிந்ததும் நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் தொடருங்கள், பேச்சுக் கொடுங்கள். தெளிவு எப்படித் திரும்புகிறது என்பது தொடக்கத்துக்குச் சமமான முக்கியம்.

ஜூலை 2, கொஞ்சம் கழித்து

வீடியோ இரண்டாவது வேலை. விழுகிறவரைத் தாங்குவது, கூரான பொருளை அகற்றுவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, இவைதான் முதலில். இழுப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஜூலை 9

மயக்கத்தில் கை கால் இழுக்காது, இழுத்தால் அது வலிப்புதான் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்காக. மயக்கத்திலும் இழுக்கும். 1994இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே மயங்கவைத்து வீடியோ எடுத்தார்கள். முழுதாக நினைவிழந்தவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்குக் கை கால் வெட்டியது. கண்கூட மேலே செருகியது. ரத்தம் மூளைக்குப் போகாத சில விநாடிகளில் நடப்பது இது. படுத்ததும் ரத்தம் ஏறும், ஆளும் சட்டென்று தெளிந்துவிடுவார்.

எனக்கு ரத்தம் எடுத்தபோது நடந்தது இதேதான். எழுந்ததும் நர்ஸின் பெயர்ப்பட்டையைப் படித்தேன், எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. வலிப்புக்குப் பிறகு எனக்கு அந்தத் தெளிவு வருவதில்லை. ஆக அந்த மூன்றாவது மருத்துவர் அந்தச் சம்பவத்தைப் பற்றிச் சொன்னது சரி. மற்றதெல்லாம் அதே கணக்கில் சேர்ந்ததுதான் சிக்கல்.

ஒன்று கேளுங்கள்: நினைவிழந்து விழுந்த எவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். பரம்பரையாக வரும் சில இதயத் துடிப்புக் கோளாறுகள், கியூ.டி. இடைவெளி நீளும் வகை உட்பட, வலிப்பு மாதிரியே தோன்றும், வலிப்பு மாத்திரையால் தீராது, உயிரை எடுக்கும். உடற்பயிற்சியின்போதோ திடுக்கிட்டபோதோ விழுந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தால் இதை விடாமல் கேளுங்கள். முதல் இடத்தில் என் தலைக்குத்தான் எல்லாப் பரிசோதனையும் நடந்தது, இதயத்தை யாரும் தொடவில்லை.

ஜூலை 15

பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு அதிக காலம் போனது.

பதற்றத் தாக்குதல் மெல்ல ஏறி, பல நிமிடங்கள் நின்று, மெல்ல இறங்கும். மனதுக்குள் எண்ணங்கள் ஓடும், முழு நினைவும் இருக்கும். வலிப்பாக வரும் பயம் ஸ்விட்ச் போட்ட மாதிரி வரும், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இருக்கும், போய்விடும், பெரும்பாலும் அச்சு மாறாமல் அதே வடிவில் திரும்ப வரும். நெற்றிப்பொட்டு மடலின் உட்புறத்தில் பயத்தோடு தொடர்புடைய பகுதி இருக்கிறது. வலிப்பை உண்டாக்கும் மின்கசிவு அங்கே தொடங்கினால் முதலில் வருவது பயம்தான். வயிற்றிலிருந்து ஏறும் உணர்வும், இது ஏற்கெனவே நடந்தது என்ற உணர்வும் அதே அக்கம்பக்கத்திலிருந்து வருகின்றன. நான் சொன்ன பயமும் தங்கை பார்த்த வெறித்த பார்வையும் இரண்டு நோய் இல்லை, ஒரே தாக்குதலின் தொடக்கமும் தொடர்ச்சியுமாக இருக்கலாம் என்று வீடியோவைப் பார்த்த மருத்துவர் சொன்னார். தொடக்கத்தோடு நின்றுவிட்டால் எனக்குப் பயம் மட்டும் ஞாபகம் இருக்கும், பரவினால் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ பதற்றம் என்று சொன்ன டாக்டர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். மின்கசிவு இல்லாமலே வலிப்பு மாதிரி வரும் ஃபங்ஷனல் சீஷர் என்ற நோய் உண்டு. அது நடிப்பு இல்லை. விழுகிறவர் தெரிந்து விழுவதில்லை, அடிபடுகிறது, வேலை போகிறது. வலிப்பு மாத்திரை அதற்கு உதவாது, பேச்சுவழிச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. அது அடையாளம் காணப்படச் சராசரியாக ஏழு ஆண்டுகள் ஆனதாக 2002இல் ஒரு ஆய்வு வந்தது. ஒருவருக்கே இரண்டும் இருப்பதும் உண்டு. அந்தப் பெயர் கிடைத்தவர்கள் இங்கே அவமானப்பட்டுப் பேசுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதுவும் நோய்தான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

ஜூலை 16

"மாத்திரை போட்டுப் பார்ப்போம், நின்றால் வலிப்பு" என்று சொன்னார்களாம் ஒருவருக்கு. எனக்கும் அதே மாதிரிதான் லெவெடிரசெட்டம் ஆரம்பித்தார்கள்.

இது சோதனையாகப் பயன்படாது. தாக்குதல்கள் கூட்டமாக வரும், பிறகு தானாகவே அடங்கும். நாம் மருத்துவரிடம் ஓடுவது கூட்டமாக வரும் காலத்தில். அடங்கிய பிறகு மாத்திரைக்குப் பெயர் போகும். மயக்கமும் அப்படியே, பதற்றமும் அப்படியே. எதிர்ப்பக்கமும் உண்டு: உண்மையான வலிப்பே முதல் மாத்திரைக்கு அடங்காமல் போகும். 2000இல் வெளியான, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் முதல் மாத்திரையில் வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். நிற்கவில்லை என்பதால் வலிப்பு இல்லை என்றும் ஆகாது.

இன்னொரு வம்பு. லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். எனக்குக் கொண்டுவந்தது. சின்னச் சத்தத்துக்குக்கூட கத்தினேன், அழுதேன். வேறொரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்கள், இவருக்குப் பதற்றம்தான்" என்றார். மாத்திரையின் விளைவு நோயின் சாட்சியாக மாறிவிட்டது. மனநிலை மாறிய தேதியையும் மாத்திரை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரும் ஆபத்து உண்டு.

ஜூலை 22

மகளுக்குப் பதினைந்து வயது, காலையில் கையிலிருந்து பொருள் தெறித்து விழுகிறது, எல்லோரும் கவனக்குறைவு என்கிறார்கள் என்று எழுதிய அம்மாவுக்கு: எழுந்த கொஞ்ச நேரத்தில், அதுவும் தூக்கம் கெட்ட மறுநாள், தோளும் கையும் திடுக்கென்று வெட்டுகிறதா என்று பாருங்கள். பார்த்து மருத்துவரிடம் அதையே முதலில் சொல்லுங்கள். பருவ வயதில் தொடங்கும் ஒரு வலிப்பு வகை அப்படித்தான் இருக்கும். கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் அந்த வகையைக் கூட்டிவிடும். அதற்கு நன்றாக வேலை செய்யும் வால்ப்ரோயேட் பிற்காலத்தில் கர்ப்பத்துக்கு ஆபத்து என்பதால் பெண்பிள்ளைகளுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். எந்த வகை வலிப்பு என்ற கேள்வியும் வலிப்பா இல்லையா என்ற கேள்வி அளவுக்கு முக்கியம்.

தூக்கத்தில் மட்டும் சைக்கிள் மிதிப்பது போலக் காலை உதைத்து, கத்தி, அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்றவருக்கு: மூளையின் முன்மடலிலிருந்து வரும் வலிப்பு இப்படி விசித்திரமாக இருக்கும், இ.இ.ஜி.யில் சிக்காமலும் போகும். கெட்ட கனவு என்றோ நடிப்பு என்றோ தள்ளப்படுவது இதுதான் அதிகம். ஒரே இரவில் பல முறை வருகிறதா, ஒவ்வொரு முறையும் அதே அசைவா? ராத்திரி கேமரா ஒன்றை வைத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 20

வீடியோ இ.இ.ஜி. முடிந்து வந்துவிட்டேன். கேட்டவர்களுக்காக விவரமாக.

தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மின்முனைகளைப் பசையால் ஒட்டினார்கள். எல்லா வயர்களையும் பின்னால் குதிரைவால் மாதிரி கட்டினார்கள். கட்டிலுக்கு நேரே கேமரா. கையில் ஒரு பொத்தான், ஏதாவது வருகிற மாதிரி இருந்தால் அழுத்த வேண்டும். மாத்திரையை அவர்கள் கண்காணிப்பில் குறைத்தார்கள். ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. எனக்கு வராமலே போய்விடுமோ என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. வலிப்பு வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற இடம் அது ஒன்றுதான் இருக்கும்.

வந்தது. பயம் ஏறியதும் அழுத்தினேன், அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மீதியைப் பின்னால் திரையில் பார்த்தேன். நர்ஸ் ஓடிவந்து, "மஞ்சள் குடை, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க" என்கிறார். நான் பொத்தானைத் தேய்க்கிறேன். முடிந்த பிறகு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார். "அது... எழுதுறது" என்கிறேன். பேனா என்ற சொல் வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. மஞ்சள் குடை வரவே இல்லை. பேச்சுக்கான பகுதி பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம், அதனால் அந்தத் தடுமாற்றமே ஒரு தடயம் என்றார்கள். அந்த நேரத்து அலைகளும் இடது நெற்றிப்பொட்டில் தொடங்கி ஒழுங்கான தாளத்தோடு பரவியிருந்தன.

பயம் மட்டும் வந்து போன சமயங்களும் பதிவாகின. அவற்றில் சிலவற்றில் மேலே ஒட்டிய மின்முனைகளில் ஒன்றும் தெரியவில்லை. ஆழத்தில் தொடங்கி அங்கேயே அடங்குவது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதனால் வீடியோ இ.இ.ஜி.யிலும் "ஒன்றும் வரவில்லை" என்றால், என்ன மாதிரித் தாக்குதல் பதிவானது என்று கேளுங்கள். உங்களுக்கு வழக்கமாக வருவதே பதிவானதா, வேறு ஏதாவதா, அல்லது எதுவுமே வராமல் வீட்டுக்கு அனுப்பினார்களா? மூன்றுக்கும் அர்த்தம் வேறு.

ஆகஸ்ட் 27

எம்.ஆர்.ஐ. நார்மல் என்று முன்பு வந்திருந்தது. அதே படங்களை இந்த மையத்தில் மறுபடி பார்த்தார்கள், திருப்தியில்லை என்று வலிப்புக்கென்றே உள்ள முறையில், மெல்லிய அடுக்குகளாகப் புதிதாக எடுத்தார்கள். நெற்றிப்பொட்டு மடலின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, இடது பக்கத்தில் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. சாதாரண ஸ்கேனில் இது நழுவிப்போவது புதிதல்ல. ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுபவருக்கு எங்கே தேடுவது என்று சொல்லியிருக்க வேண்டும். என் பழைய சீட்டில் "தலைசுற்றல்" என்று மட்டும் எழுதியிருந்தது.

இந்தச் சுருக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால், சிறு வயதில் நீண்ட நேரம் காய்ச்சல் வலிப்பு வந்ததா என்று கேட்டார் மருத்துவர். எனக்குத் தெரியாது என்றேன். அம்மாவுக்குப் போன் போட்டேன். "வந்துச்சே, ஒரு வயசுல. அரைமணி நேரம் நிக்கவே இல்ல" என்றார், என்னமோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி. யாரும் அவரைக் கேட்டதே இல்லை.

இப்போது ஜூன் 13 குறிப்புக்குத் திரும்புகிறேன். அந்தக் "கூரிய அலைகள்" இயல்பானவைதான் என்று இவர்களும் சொன்னார்கள். ஆக, வலிப்பு என்றவர் சொன்ன பெயர் சரி, அதற்குக் காட்டிய சாட்சி நிற்காது. மயக்கம் என்றவர் இ.இ.ஜி.யைப் படித்ததும் சரி, ரத்தம் எடுத்த சம்பவத்தைப் படித்ததும் சரி, வலிப்பு இல்லை என்றது சரியில்லை. முதல் மருத்துவருக்கு நான் கொடுத்ததே பாதிக் கதை. யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தங்கை பேச வந்தபோது "நீங்கள் வெளியே இருங்கள்" என்று சொன்ன ஒருவர் மீது கோபம் இருக்கிறது.

செப்டம்பர் 3

ஒரே ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது, ஒருவர் மாத்திரை வேண்டும் என்கிறார், ஒருவர் பொறுத்துப் பார் என்கிறார் என்ற கேள்வி வேறு வகை. இங்கே இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள், அபாயத்தைத்தான் வேறுவேறாக எடைபோடுகிறார்கள். தூண்டுதல் இல்லாமல், 24 மணி நேர இடைவெளிக்கு மேல் இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய் என்பது பழைய வரையறை. 2014இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் அதோடு இன்னொன்றைச் சேர்த்தது: ஒரு முறைதான் வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வர 60 சதவீதமாவது வாய்ப்பு இருந்தால் அதுவும் வலிப்பு நோயே. அந்த வாய்ப்பை எம்.ஆர்.ஐ.யும் இ.இ.ஜி.யும் மாற்றும். அதனால் இருவரிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள், எதை வைத்து?

செப்டம்பர் 17

லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். தோல் தடிப்பு வரும் ஆபத்து இருப்பதால் டோஸை வாரக்கணக்கில் மெல்லத்தான் ஏற்றுவார்கள், அதுவரை பழையதும் கூடவே ஓடும். பயம் மட்டும் இன்னும் அவ்வப்போது வருகிறது. தகுந்த இரண்டு மாத்திரைகள் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். கேட்டதும் கை நடுங்கியது. ஆனால் 2001இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், நெற்றிப்பொட்டு மடல் வலிப்புக்கு அறுவை சிகிச்சை பக்கம் ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதத்தினருக்கு ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை, மாத்திரை மட்டும் என்ற பக்கத்தில் 8 சதவீதம். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கதவு இருக்கிறது என்று இப்போதே தெரிவது நல்லதுதான்.

செப்டம்பர் 18

முதலில் கேள்வி கேட்டவர் அடுத்த வாரம் மூன்றாவது கருத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறார். ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இ.இ.ஜி.யின் மூலப் பதிவையும் எம்.ஆர்.ஐ. படங்களையும் சிடியில் கேட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் புதியவர் பழையவரின் ஒரு வரியைத்தான் படிக்க முடியும். ஒரே ஒரு பக்கத்தில், உங்களுக்கு எத்தனை வகைச் சம்பவம் நடக்கிறது என்று வகைவகையாகப் பிரித்து எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் அருகில் யார் பார்த்தார் என்றும் குறியுங்கள். "எனக்கு வலிப்பா பதற்றமா" என்று தொடங்காதீர்கள், முந்தைய மருத்துவர்கள் சொன்ன பெயர்களைக் கடைசியில் சொல்லுங்கள். அவர் ஒரு பெயர் சொன்னதும் இதைக் கேளுங்கள்: எது நடந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? என் மருத்துவர் இதற்கு ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார், அப்போதுதான் இவரிடமே தொடரலாம் என்று தோன்றியது. உங்களோடு பார்த்தவரை அழைத்துப் போங்கள். அவரால் வர முடியாவிட்டால் போனிலாவது பேசவையுங்கள்.